சொல்லி ஆடும் கால்

ஜூலை 3, திங்கள்

வந்து சேர்ந்தோம். கோவில்பட்டியிலிருந்து ஆம்புலன்ஸில் இரண்டரை மணி நேரம். மலையடிவாரம். காற்று சன்னல் கதவுகளை ஓயாமல் அடிக்கிறது.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு மையம். பெண்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். அக்காவுக்கு ஏழாவது. ஆண் துணைக்குக் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை அனுமதி. மற்ற நேரம் அம்மா மட்டும்.

பதிவு மேசையில் கேட்டார்கள். சொன்னேன். பெயர் ஜெபசீலி. வயது முப்பத்தொன்று. பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மாவட்ட ஹாக்கி அணியில் ஒன்பது வருடம் கோல்கீப்பர். ஜூன் 14, சாலை விபத்து. நடுமுதுகில் எலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கியது. அறுவை முடிந்தது. கால்கள் இரண்டிலும் அசைவு இல்லை, உணர்வு இல்லை.

"வண்டியில எத்தனை பேர்?"

"ரெண்டு."

"இன்னொருத்தருக்கு?"

"முழங்கையில சிராய்ப்பு."

எழுதிக்கொண்டார்கள்.

வேறு நோட்டு இல்லை. அக்காவின் பையில் கிடந்த வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதுகிறேன். முன்பக்கங்களில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள், எல்லோரும் ஆஜர்.

ஜூலை 4

ஹமீதா இங்கே பிசியோதெரபிஸ்ட். என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருக்கலாம். சட்டைப் பையில் ரப்பர் சுத்தியல். அக்காவின் முழங்கால் சில்லுக்குக் கீழே தட்டினார். ஒன்றுமில்லை. மறுகாலிலும் ஒன்றுமில்லை.

"தம்பி, நீங்க இப்படி உக்காருங்க."

கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். தட்டினார். என் கால் காற்றை உதைத்தது.

"அவனுக்கென்ன, நல்லாத்தான் உதைப்பான்," என்றாள் அக்கா. "சின்னதுல ஒரே பாயில படுத்தவ நான்."

அம்மா சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவை.

"அக்காவுக்கு ஏன் வரல?" என்று கேட்டேன்.

"அடிபட்ட அதிர்ச்சியில இருக்கு. காயத்துக்குக் கீழ உள்ள பகுதி தூங்குதுன்னு வச்சுக்குங்க. சில வாரத்துல முழிக்கும். முழிச்சு என்ன செய்யுதுன்னு அப்போ பாக்கலாம்."

பெரிய டாக்டர் மாலையில் வந்தார். செப்டம்பர் முதல் வாரம் முழுப் பரிசோதனை. அதற்குள் காலில் ஏதாவது ஒரு தசை அவள் சொன்னபடி அசைந்தால், மேலே போக வழி இருக்கிறது. அசையாவிட்டால் சக்கர நாற்காலியில் வாழக் கற்றுக்கொடுப்பார்கள். இடுப்புக்கு அடியில் ஓரிடத்தில் மட்டும், மிக லேசாக, ஊசி குத்துவது தெரிகிறதாம். டாக்டர் அதை இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

ஜூலை 6

வாங்கியது: வாளி ஒன்று. தலையணை உறை இரண்டு. இரண்டு மணிக்கு ஒருமுறை அக்காவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

ஜூலை 9

ஹமீதா தன் கல்லூரிப் பாடப்புத்தகத்தைக் கொடுத்தார். தத்துவத்தில் எம்.ஏ. முடித்தவனுக்கு இது எதற்கு என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முழங்காலில் தட்டும்போது தொடைத் தசை ஒரு மயிரிழை இழுபடுகிறது. தசைக்குள் இருக்கும் ஒரு நரம்பிழை அதை உணர்ந்து தண்டுவடத்துக்குச் சொல்கிறது. அங்கே ஒரே ஒரு சந்திப்பு. இன்னொரு இழை அதே தசைக்குத் திரும்புகிறது: சுருங்கு. கால் எழுகிறது. அனிச்சைச் செயல். எல்லாம் ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குக்குள். மூளைக்குத் தகவல் போய்ச் சேரும்போது உதைத்து முடிந்திருக்கிறது.

இருபத்தைந்து வருடமாக இந்தக் காலோடு நடக்கிறேன். என்னைக் கேட்காமல் முடிவெடுக்கும் ஒன்று என் முதுகுக்குள் இருந்திருக்கிறது.

முள்ளை மிதித்தால் அந்தக் கால் மடங்குகிறது. அதே கணம் மறுகால் விறைத்து முழு உடம்பையும் தாங்கிக்கொள்கிறது. விழாமலிருக்க. இதையும் யாரும் சொல்வதில்லை. எவ்வளவு பழைய கருணை.

நான்கு பக்கம் படித்தேன். மேலே போக முடியவில்லை. எழுந்து வெளியே போய் நடந்தேன். நடப்பது விசித்திரமாக இருந்தது.

ஜூலை 21, வெள்ளி

காலை பத்து மணி. அம்மா கால்மாட்டில் நின்று போர்வையை உதறி இழுத்தாள். அக்காவின் வலது கால் மடங்கிக் குதித்து, நீண்டது.

"ஏசப்பா! ஆடிட்டு! எம் புள்ள காலு ஆடிட்டு!"

நர்ஸ் ஓடி வந்தார். அம்மா மறுபடி போர்வையை இழுத்தாள். மறுபடி குதித்தது.

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அக்கா தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாடுவதைப் பார்ப்பது போல.

ஊரிலிருந்து கொண்டு வந்த கடலை மிட்டாயை அம்மா கட்டில் கட்டிலாகப் போய்க் கொடுத்தாள். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் அதிகம் பேசவில்லை.

"பாத்தியாலே, ஒருத்திக்கும் முகம் மலரல. பொறாம," என்றாள் அம்மா என்னிடம்.

ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது எட்டாம் கட்டில் சுடலி அக்கா கூப்பிட்டார். மிளகாய் பறிக்கப் போகையில் லோடு ஆட்டோ கவிழ்ந்தது, இரண்டு வருடத்துக்கு முன். இப்போது படுக்கைப் புண்ணுக்காக மறுபடி வந்திருக்கிறார். சக்கர நாற்காலியிலிருந்தபடி வார்டு முழுக்க அதிகாரம் செய்கிறவர்.

"டீச்சர் தம்பி, முட்டாய் நல்லாருந்துச்சு. நாங்க ஏன் தட்டலைன்னு அம்மா வருத்தப்படுவாங்க. பக்குவமா சொல்லிருங்க."

"எதைத் தட்டல?"

எவர்சில்வர் டம்ளரைக் கட்டில் கம்பியில் ஒரு தடவை தட்டிக் காட்டினார். "யாருக்காச்சும் அசைவு வந்துச்சுன்னா வார்டே தட்டும். தானா ஆடுனா தட்ட மாட்டோம். சொல்லி ஆடுனாத்தான்."

"அப்படின்னா?"

"இப்ப ஆட்டப் போறேன்னு சொல்லணும். சொன்னப்புறம் ஆடணும். எங்காலு ராவும் பகலும் ஆடுது. ஆடி என்ன செய்ய, ஒரு நாளாச்சும் எங்கிட்ட கேட்டுட்டு ஆடிருக்கா?"

ஜூலை 22

ஹமீதாவிடம் கேட்டேன். சுடலி அக்கா சொன்னது சரி.

தண்டுவடம் விழித்துவிட்டது. ஆனால் மேலிருந்து யாரும் பேசவில்லை. போர்வை உரசியது முள் குத்தியது போல அதற்குப் பட்டிருக்கிறது, காலை இழுத்துக்கொண்டது. நம் எல்லோருடைய தண்டுவடமும் இப்படிக் குதிக்கத் தயாராகத்தான் இருக்கிறதாம். மேலிருந்து மூளை ஓயாமல் அடக்கிக்கொண்டிருக்கிறது. வேண்டாம், வேண்டாம், இது போர்வைதான், வேண்டாம். பிறந்ததிலிருந்து கேட்காத அந்தச் சொல்லால்தான் நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஹமீதா அக்காவின் உள்ளங்காலில் சாவியால் கோடு இழுத்தார். கட்டைவிரல் மேலே நிமிர்ந்தது. என் காலில் இழுத்தார். கீழே மடங்கியது.

"ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு எல்லாம் மேலதான் போகும். மூளையிலிருந்து வர்ற வழி முழுசா உருவானப்புறம்தான் கீழ."

முப்பத்தொரு வயதுக் கால் முதல் வயதுக்குத் திரும்பியிருக்கிறது. தெரிந்ததை மறந்துவிட்டு, அதற்கு முன் தெரிந்ததை நினைவில் வைத்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாளை.

ஜூலை 24

சொல்லவில்லை. துணி துவைத்தேன்.

ஜூலை 27

இன்றும் இல்லை. அம்மா சபைக்குப் போன் செய்துவிட்டாள்.

ஜூலை 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வேனில் பதினாலு பேர் வந்தார்கள். போதகரும் வந்தார். நர்ஸ் பத்து நிமிடம் கொடுத்தார்.

"ஐயா, நீங்களே பாருங்க," என்று அம்மா போர்வையை இழுத்தாள். கால் குதித்தது. ஸ்தோத்திரம் என்றார்கள். ஒருத்தர் அழுதார். பாட ஆரம்பித்தார்கள். பின்வரிசையிலிருந்து எங்கள் தெரு ரூபி சித்தி தலையை நீட்டினாள்.

"ஞானப்பூ, இன்னொரு தடவ காட்டு. நான் பின்னால நின்னேன், தெரியல."

அம்மா இன்னொரு தடவை காட்டினாள்.

அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பெனால்டி அடிக்க வருபவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று எதிராளிக்குக் காட்டாது.

போதகர் அவள் முகத்தைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"அம்மாவுக்கு நல்லாருக்கு ஐயா."

அவர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்தார். வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, இது சொகமாகுறது இல்லதானே?"

"இல்லைங்கய்யா. இது வேற."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"உனக்கு எப்போ தெரியும்?"

அவர் என் தோளைத் தட்டிவிட்டு வேனில் ஏறினார்.

வார்டில் பன்னிரண்டு டம்ளர்கள். ஒன்றும் ஒலிக்கவில்லை.

ஜூலை 31

"அது நான் இல்ல, எபி."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா பத்து நாளா பாத்துக்கிட்டு நின்ன?"

"சொல்ல வந்தேன்..."

"நானே சொல்லுதேன் அம்மாட்ட. நீ சுத்தி வளைப்ப. எல்லாத்தையும் சுத்தித்தான் வளைப்ப."

சொல்லிவிட்டாள். என்ன சொன்னாளென்று தெரியாது. நான் மருந்துச் சீட்டோடு வெளியே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா அக்காவுக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தாள். மிக மெதுவாக. ஒரு நூல்கூட உரசி அந்தக் கால் எழுந்துவிடாதபடி.

ஆகஸ்ட் 5

அம்மாவும் சுடலி அக்காவும் சிநேகம். கீரை ஆய்கிறார்கள். வார்டு முழுக்க உண்மை தெரிந்தே தன் மிட்டாயைத் தின்றது என்று அம்மா சண்டை போட்டாளாம். "தராம இருந்திருந்தா திங்காம இருந்திருப்போம்," என்றாராம் சுடலி அக்கா. அதிலிருந்துதான்.

ஹமீதா கொடுத்த வேலை: தினமும் மூன்று வேளை. காலைப் பார்க்க வேண்டும், 'இப்போ' என்று சொல்ல வேண்டும், அசைக்க முயல வேண்டும். ஐம்பது தடவை. அசையாவிட்டாலும்.

"இப்போ," என்கிறாள் அக்கா. "இப்போ." "இப்போ." ஆஜர் எடுக்கும் குரல். ஒருவரும் 'உள்ளேன் மிஸ்' சொல்வதில்லை. அவள் அடுத்த பெயருக்குப் போகிறாள்.

பக்கத்தில் உட்கார்ந்து என் சுட்டுவிரலைப் பார்த்தேன். தூக்கினேன். தூக்கு என்ற கட்டளை எங்கே இருந்தது என்று தேடினேன். மறுபடி தூக்கினேன். ஒவ்வொரு தடவையும் நான் போய்ச் சேரும்போது விரல் ஏற்கெனவே மேலே இருக்கிறது. கட்டளையை நான் பார்த்ததே இல்லை. அக்காவிடம் இப்போது கட்டளை மட்டும்தான் இருக்கிறது. தினம் நூற்றைம்பது. நான் பார்த்ததிலேயே மிகத் தூய்மையான செயல் அதுதான் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 9

கான்டீனிலிருந்து பால். டம்ளர் விளிம்பு வரை. வார்டு வாசலுக்கு வரும்போதே விரல் எரிந்தது. கை உதறப் பார்த்தது. உதறவில்லை. ஏழாம் கட்டில் வரை பதினைந்து அடி. மேசையில் வைத்த பிறகுதான் விரலை எடுத்தேன். நாலு விரலும் சிவப்பு. அக்கா காலில் கொட்டினால் அவளுக்குத் தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் நாங்கள் பார்ப்போம்.

புத்தகத்தில் தேடினேன். இருக்கிறது. சூடு பட்டால் கை தானாக விலகும்; ஆனால் மூளை 'பொறு' என்று சொன்னால் தண்டுவடம் பொறுக்கும். அனிச்சையும் அடக்கக் கூடியதுதான்.

வியக்க வேண்டிய விஷயம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

வாசலில் கொடியேற்றம். அக்காவைச் சக்கர நாற்காலியில் முதல் முறையாக வெளியே கொண்டுபோனோம். எல்லோருக்கும் ஆரஞ்சு கொடுத்தார்கள்.

சுடலி அக்கா திடீரென்று, "ஏ கோல்கீப்பரம்மா!" என்று தன் ஆரஞ்சை எறிந்தார். அக்கா டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. இடது கை மட்டும் காதருகே எழுந்தது. ஆரஞ்சு அதில் இருந்தது.

அவளே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எப்படிப் பிடிச்ச?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? பெனால்டி ஆறரை மீட்டர்ல இருந்து வரும். கால் நொடி. பாத்து, யோசிச்சு, புடிக்கணும்னா கோல்தான். பந்து கையில வந்ததுக்கப்புறம்தான் பந்துன்னே தெரியும்."

"அப்போ பிடிச்சது யாரு? நீயா, கையா?"

"கப்பு வாங்கும்போது நான்," என்றாள். "கோல் விட்டாலும் நான்தான். கைய யாரும் திட்ட மாட்டாங்க."

ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

ஆகஸ்ட் 18

உச்சந்தலையில், வகிட்டுக்கு அடியில், காலுக்கான இடம். அங்கிருந்து புறப்படும் இழை பிடரியருகே மறுபக்கத்துக்குத் தாண்டி, முதுகு வழியாக இடுப்பு வரை இறங்குகிறது. ஒரே செல். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, அரை மீட்டர் நீளம். இன்னொரு செல் அங்கிருந்து கால் விரலுக்கு. கிட்டத்தட்ட ஒரு மீட்டர். விருப்பத்துக்கும் விரலுக்கும் இடையில் இரண்டே செல்கள் போதும்.

அக்காவிடம் சொன்னேன்.

"ரெண்டே பாஸா?" என்றாள். "ரெண்டே பாஸ்ல கோல் போடுற டீமை நான் பாத்ததே இல்ல."

ஆகஸ்ட் 23

எழுதிவிடுகிறேன்.

ஜூன் 14. மாலை ஐந்தரை. பைக்கை நான்தான் ஓட்டினேன். அக்கா பின்னால். நாய் இடது பக்கப் புதரிலிருந்து வந்தது. நாய்க்கும் வண்டி சாய்ந்ததற்கும் இடையில் எதுவும் இல்லை. பலமுறை தேடிவிட்டேன். முடிவெடுத்த தடமே இல்லை. நாய். பிறகு வானம்.

கண்ணில் பட்டது கையை எட்ட ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஐந்தில் ஒரு பங்கில் நான் எங்கே இருந்தேன்? கை தானாகச் செய்தது என்றால் குற்றம் என்னுடையது அல்ல. அதற்காகத்தான் இந்தப் புத்தகம். நானூறு பக்கம் படித்தாயிற்று. சூடான டம்ளர் குறுக்கே நிற்கிறது: அன்று கையை என்னால் அடக்க முடிந்தது.

அக்கா கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஆகஸ்ட் 28

'இப்போ' ஐம்பது. 'இப்போ' ஐம்பது. 'இப்போ' ஐம்பது. ஒன்றுமில்லை.

செப்டம்பர் 2, சனி

அம்மா துணி காயப்போடப் போயிருந்தாள். ஹமீதா விடுமுறை, திங்கட்கிழமைதான் வருவார். அன்றுதான் பரிசோதனையும்.

"அந்தப் புத்தகத்த நீ எதுக்கு மனப்பாடம் பண்ணுதேன்னு எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா.

மேசையில் கிடந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"அன்னைக்கி என்ன பாத்த?"

"நாய். அப்புறம் வானம்."

"உன் கை எங்க இருந்துச்சு?"

"ஹேண்டில்ல."

"ஒண்ணு ஹேண்டில்ல. எடது கை எம் முட்டியில இருந்துச்சு."

எனக்குப் புரியவில்லை.

"நாயைப் பாத்ததும் கையப் பின்னால போட்டு எம் முட்டியப் புடிச்ச, எபி. இறுக்கி. நான் விழுந்துறக் கூடாதுன்னு. நெகம் பதிஞ்சுச்சு. நான் நாயைப் பாக்கவே இல்ல. எனக்குத் தெரிஞ்சது அந்தப் புடி மட்டும்தான்."

"எனக்கு ஞாபகமே இல்ல."

"எப்படி இருக்கும்? நான் புடிச்ச பந்துல பாதி எனக்கே ஞாபகம் இல்ல."

சன்னல் அடித்துக்கொண்டது. எழுந்து கொக்கியைப் போட்டேன். அன்று வலது கையில் முன் பிரேக். ஹேண்டிலின் இடது பக்கத்தைப் பிடிக்கக் கை இல்லை. வண்டி ஏன் சாய்ந்தது என்ற கணக்கு தானாக ஓட ஆரம்பித்தது. நிறுத்தினேன்.

"இந்தக் காலுக்குக் கடைசியாத் தெரிஞ்சது அதுதான்," என்றாள் அவள் என் முதுகைப் பார்த்து. "அதுக்கப்புறம் இதுக்கு ஒண்ணும் தெரியாது."

திரும்ப முடியவில்லை.

"வாலே இங்க. அழுதா மூக்கு செவந்துரும், அம்மா வந்து கேப்பா. அதே எடத்துல கைய வை."

இடது முட்டியில் வைத்தேன். உள்ளங்கை முட்டிக்கு மேல் தொடையில் பட்டது.

"தெரியுதா?"

"இல்ல. அப்படியே வச்சுக்க. ஆட்டாத." கண்ணை மூடிக்கொண்டாள். "இப்போ."

சட்டைப் பையில் போன் அதிர்வது போல. அதைவிட மெல்ல.

"இப்போ."

ஒன்றுமில்லை.

"இப்போ."

இருந்தது.

"இப்போ."

இருந்தது.

கண்ணைத் திறந்தாள். "என்ன முழிக்க?"

அவளுக்கு அது தெரியவில்லை. என் கைக்குத்தான் தெரிந்தது. சொன்னேன். சொல்லும்போதே, என் கை பட்டதனாலும் இருக்கலாம், தானாக ஆடியதாகவும் இருக்கலாம் என்றும் சொன்னேன்.

"அம்மாட்ட மூச்சு விடாத," என்றாள். "இன்னொரு வேன் தாங்காது."

செப்டம்பர் 3

ஞாயிறு. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளங்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டேன். வழக்கமான உள்ளங்கைதான்.

செப்டம்பர் 4, திங்கள்

கால் விரல்கள்: பூஜ்யம். கணுக்கால்: பூஜ்யம். இடுப்பு: பூஜ்யம். முட்டி: டாக்டர் பார்த்தார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பேனாவை எடுத்தார்.

"எடது தொடையில கைய வச்சுப் பாருங்க டாக்டர்," என்றேன்.

அவர் இரண்டு விரல்களை வைத்தார். ஹமீதா பக்கத்தில் வந்து நின்றார்.

"முட்டியைக் கீழ அழுத்தப் பாருங்க. இப்போ."

காத்திருந்தார்.

"இப்போ."

விரலைச் சற்று நகர்த்தினார்.

"இப்போ வேண்டாம். சும்மா இருங்க." நீண்ட நேரம் விரலை எடுக்கவில்லை. அந்த நேரம் எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது. "இப்போ."

பேனாவால் பூஜ்யத்துக்குப் பதில் ஒன்று என்று எழுதினார். ஐந்துக்கு ஒன்று.

"நடப்பாங்களான்னு கேக்காதீங்க. எனக்குத் தெரியாது. ஆனா சொன்னா கேக்குது. வேண்டாம்னா நிக்குது. வழி முழுசா அறுபடல."

அப்போது அம்மா வாளியோடு உள்ளே வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். அங்கேயே நின்றுவிட்டாள்.

"என்ன, ஆடுச்சா?"

யாரும் பேசுவதற்குள் அவளே கேட்டாள். மெதுவாக, ஹமீதாவைப் பார்த்து.

"தானா ஆடுச்சா, சொல்லி ஆடுச்சா?"

"சொல்லி, அம்மா."

வாளியைக் கீழே வைத்தாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். டாக்டர் விரல் வைத்திருந்த இடத்தில் தன் கையை வைத்தாள்.

"ஏட்டி சீலி. ஆட்டு."

அக்கா கண்ணை மூடினாள். நாங்கள் எல்லோரும் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம்.

அவள் கத்தவில்லை. யாரையும் கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து தெரிந்தவர் குரல் கேட்டது போல ஒரு தடவை தலையை ஆட்டினாள். பிறகு மேசையிலிருந்த டம்ளரை எடுத்தாள். கம்பியில் ஒரே ஒரு தட்டு. சரிதானா என்று கேட்பது போல எட்டாம் கட்டிலைப் பார்த்தாள்.

சுடலி அக்கா தன் டம்ளரை ஓங்கிக் கம்பியில் அடித்தார். பிறகு ஒன்பதாம் கட்டில். பிறகு நாலு, ஐந்து. பிறகு வார்டே. ஒரு கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்த பன்னிரண்டாம் கட்டில் மற்றக் கையால் தட்டியது. அந்தச் சத்தத்தில் சுடலி அக்காவின் கால்கள் இரண்டும் திடுக்கிட்டுக் குதித்தன.

"பாரு, இதுகளும் ஆடுதுக. ஒங்கள யாரு கேட்டா?" என்று ஒரு கையால் அவற்றை அமுக்கிக்கொண்டு மறுகையால் தட்டிக்கொண்டே இருந்தார்.

அக்கா இப்போது சிரித்த சிரிப்பை நான் முன்பு பார்த்ததில்லை.

செப்டம்பர் 6, புதன்

காலையில் கான்டீனில் பால் தீர்ந்திருந்தது; வெளியே வாங்கக் கான்டீன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். ஜூன் 14-க்குப் பிறகு முதல் தடவையாக இரண்டு சக்கரத்தின் மேல். திரும்பும்போது வேலிக்குள்ளிருந்து ஒரு நாய் குறுக்கே ஓடியது. சைக்கிள் சாய்ந்தது. கால் தானாகத் தரையில் ஊன்றிக்கொண்டது. நாய் போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் பார்த்தேன். என் இடது கை ஹேண்டிலில் இல்லை. பின்னால் நீண்டு, கேரியருக்கு மேல் எதையோ இறுக்கிப் பிடித்திருந்தது.

பின்னால் யாரும் இல்லை.